தொலைபேசிக் கம்பியில் மின்சாரம் புகுந்தால்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்னோட்டவியல் பாடத்தை நீங்கள் ஆண்டுதோறும் நடத்துகிறீர்கள். அதில் ஜூல் வெப்ப விதி வருகிறது, மின் உருகி வருகிறது. “மின் உருகியின் பயன் யாது?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடையை எழுதுவார்கள். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது உருகி அறுந்து, சாதனத்தைக் காக்கும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்த விடை தவறு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்த விடை போதாத ஓர் இடத்தில் கழித்தவன் நான். அந்த இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தொலைபேசி நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் எம்.டி.எஃப். அறை இருக்கும். மெயின் டிஸ்ட்ரிபியூஷன் பிரேம் என்பதன் சுருக்கம். ஊரிலுள்ள எல்லாத் தொலைபேசிகளின் கம்பிகளும் பூமிக்கடியில் கேபிளாக வந்து, இந்த அறையில் பிரிந்து, இரும்புச் சட்டத்தில் வரிசை வரிசையாக நிற்கும். சட்டத்தின் ஒரு பக்கம் ஊர், மறு பக்கம் எக்ஸ்சேஞ்ச் கருவிகள். இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு காவல்காரன் உண்டு. வெளியிலிருந்து வரக்கூடாத எது வந்தாலும் அங்கேயே தடுத்து நிறுத்துவது அவன் வேலை.

வரக்கூடாதது என்ன? இரண்டு உண்டு. ஒன்று இடி மின்னல். அதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மற்றொன்று மின்வாரியத்தின் 230 வோல்ட். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பொல்லாதது. மின்னல் மைக்ரோ நொடிகளில் வந்து போய்விடும். வீட்டு மின்சாரம் வந்தால் போகாது. யாராவது வந்து பிரித்துவிடும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

தொலைபேசிக் கம்பியில் வழக்கமாக என்ன இருக்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம். எக்ஸ்சேஞ்ச் மின்கலத்திலிருந்து சுமார் 48 வோல்ட் நேர்மின்னோட்டம். ரிசீவரை எடுத்தால் 20 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை பாயும். மணி அடிக்கும்போது மட்டும் ஏறத்தாழ 75 வோல்ட், நொடிக்கு 25 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டம் வரும். கம்பத்தில் வேலை செய்யும்போது மணி வந்துவிட்டால் சுருக்கென்று இருக்கும். லைன்மேன்கள் அதைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அந்த அளவு பழக்கம். “இது டெலிபோன் கம்பிதானே” என்ற அலட்சியம் பிறப்பது அந்தப் பழக்கத்தில்தான்.

நம் ஊர்த் தெருக்களில் மின்கம்பமும் தொலைபேசிக் கம்பமும் அண்ணன் தம்பி போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புயலில் தென்னை மட்டை விழுந்து மின்கம்பி அறுந்து, கீழே போகும் தொலைபேசிக் கம்பியின் மேல் படுக்கும். வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்ந்து தொங்கும் கம்பியை இழுத்துக்கொண்டு போய் மின்கம்பியில் மாட்டிவிடும். வீட்டுக்குள்ளே ஒரே குழாயில் இரண்டு கம்பியையும் செருகி வைத்திருப்பார்கள். எலி கடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காலண்டர் மாட்ட அடித்த ஆணி இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் துளைத்துவிடும். இவற்றில் ஒன்றுகூட அபூர்வமானது அல்ல.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. மின்கம்பி தொலைபேசிக் கம்பியைக் கடக்கும் இடத்தில் மின்கம்பி மேலே இருக்க வேண்டும். முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். அடியில், பூமியோடு இணைத்த கார்டு வயர்கள் தொட்டில்போல் கட்டப்பட வேண்டும். மேலே கம்பி அறுந்தால் அது முதலில் அந்தத் தொட்டிலில் விழும். பூமியோடு சேர்ந்து, மின்வாரியத்தின் ஃபியூஸ் அங்கேயே போய்விடும். உயரழுத்தக் கம்பிகள் தொலைபேசிக் கம்பிகளுக்கு அருகே செல்வதானால் இரு துறையும் சேர்ந்து ஒப்புதல் தருவதற்கென்றே பி.டி.சி.சி. என்ற கூட்டுக்குழு உண்டு. ஆனால் தொட்டில் துருப்பிடிக்கும். ஒப்புதல் பெற்ற பாதையில் பிறகு ஒரு வேப்ப மரம் வளரும். ஆகவே கடைசிக் காவல் எம்.டி.எஃப். அறையில்தான்.

இனி நம் கணக்குக்கு வருவோம். கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் எதுவும் புதிதல்ல.

தொலைபேசிக் கேபிளில் பெரிதும் பயன்படுவது 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தாமிரக் கம்பி. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 0.196 சதுர மில்லிமீட்டர். தாமிரத்தின் தன்மின்தடையை வைத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 88 ஓம் வரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி ஓரிடத்தில் 230 வோல்ட் இந்தக் கம்பியைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் மின்தடை 264 ஓம். எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்ததும், பழைய ஸ்ட்ரோஜர் நிலையமானால், 200 ஓம் மின்தடையுள்ள ஒரு ரிலே காயில் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். மொத்தம் 464 ஓம். பூமியின் மின்தடையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 230-ஐ 464-ஆல் வகுத்தால் அரை ஆம்பியர்.

கம்பி நுழையும் இடத்தில் ஒன்றரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை ஆம்பியர் அதை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஃபியூஸுக்கு அது வெயிலில் நிற்பது போலக்கூட இருக்காது. ஆனால் அந்த ரிலேவுக்கு? அது வழக்கமாகச் சுமக்கும் 40 மில்லி ஆம்பியரில் அதில் உண்டாகும் வெப்பம் 0.04-ன் வர்க்கம் பெருக்கல் 200, அதாவது 0.32 வாட். இப்போது 0.5-ன் வர்க்கம் பெருக்கல் 200, 50 வாட். மின்னோட்டம் பன்னிரண்டரை மடங்குதான் கூடியது. வெப்பம் 150 மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. ஜூல் விதியில் மின்னோட்டம் ஏன் வர்க்கமாக வருகிறது என்று பிள்ளைகளுக்கு மனத்தில் பதிய வேண்டுமானால் இந்த ஒரு கணக்குப் போதும் என்று நினைக்கிறேன். கைப்பிடி அளவுகூட இல்லாத ஒரு காயிலில் 50 வாட் வெப்பம் தொடர்ந்து உண்டானால் முதலில் எனாமல் கருகும், பிறகு பக்கத்து ரிலே, பிறகு அந்த ரேக். எக்ஸ்சேஞ்சுகளில் தீ விபத்து இப்படித்தான் தொடங்கும். ஃபியூஸ் மட்டும் கடைசி வரை முழுசாக இருக்கும்.

இப்படி ஃபியூஸின் கண்ணில் படாமல் நுழையும் மின்னோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்னீக் கரண்ட் என்று பெயர். பதுங்கு மின்னோட்டம் எனலாம். இதைப் பிடிக்க ஹீட் காயில் என்று ஒன்றைச் செய்தார்கள். சிறிய பித்தளைக் குச்சியைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். குச்சியை எளிதில் உருகும் ஈயப் பற்று பிடித்து வைத்திருக்கும். பின்னால் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர் போலச் சில நிமிடங்கள் நீடித்தால் சுருள் சூடாகி, பற்று இளகி, ஸ்பிரிங் குச்சியைத் தள்ளி, லைனைப் பூமியோடு சேர்த்துவிடும். ஒரு நொடி வந்து போகும் மின்னலைக் கண்டு அது அசையாது. சின்னதாக வந்து உட்கார்ந்துகொள்வதைத்தான் பிடிக்கும். பொறுமையான காவல்காரன்.

இதே மின்தொடுகை எக்ஸ்சேஞ்சிலிருந்து வெறும் 200 மீட்டரில் நடந்தால் கதை வேறு. கம்பியின் தடை 17.6 ஓம்தான். ஏதாவது ஒரு காப்புக் கருவி லைனைப் பூமியோடு சேர்த்துவிட்டால் 13 ஆம்பியர் பாயும். கம்பியில் மீட்டருக்கு 15 வாட் வீதம் வெப்பம் எழும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை இளகும், பக்கத்துக் கம்பிகளையும் சேர்த்துக் கெடுக்கும். இங்கே ஃபியூஸ்தான் வேண்டும், அதுவும் உடனே. அமெரிக்க வழக்கத்தில் இதற்காகவே, காப்புக் கருவிக்கு முன்னால் மற்றக் கேபிளைவிட மெல்லிய கம்பியாலான ஒரு துண்டைச் சேர்ப்பார்கள். எரிவதானால் அது எரியட்டும், சுவருக்குள் போகும் கேபிள் எரியக்கூடாது என்ற கணக்கு.

ஆக, ஒரே 230 வோல்ட், ஒரே கம்பி. தொலைவு மட்டும் மாறுகிறது. பக்கத்தில் நடந்தால் ஃபியூஸின் வேலை, தள்ளி நடந்தால் ஹீட் காயிலின் வேலை. ஜெனிவாவிலுள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கே.20 என்ற பரிந்துரையில் எக்ஸ்சேஞ்ச் கருவிகளுக்கு ஒரு சோதனை உண்டு. 230 வோல்ட்டை 15 நிமிடம் கொடுக்க வேண்டும். தொடரில் வைக்கும் மின்தடையை 10 ஓம் முதல் 1000 ஓம் வரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். முதல்முறை அதைப் படிக்கும்போது ஏன் இத்தனை மின்தடைகள் என்று தோன்றும். இப்போது உங்களுக்கே தெரியும்: ஒவ்வொரு மின்தடையும் ஊரில் ஒவ்வொரு தெரு. மிகக் கடுமையான நிலையில் கருவி கெட்டாலும் பரவாயில்லை, ஆனால் தீப்பிடிக்கக் கூடாது என்பது அந்தச் சோதனையின் எதிர்பார்ப்பு. எனக்கு மிகவும் பிடித்த நேர்மை அது.

மின்னலுக்காக வைத்திருக்கும் கருவி இங்கே உதவாதா என்று கேட்பீர்கள். பழங்காலத்தில் இரண்டு கார்பன் கட்டைகளை 0.08 மில்லிமீட்டர் போன்ற நூலிடைவெளியில் வைத்திருப்பார்கள். மின்னழுத்தம் சில நூறு வோல்ட்டைத் தாண்டினால் இடைவெளியில் பொறி பாய்ந்து பூமிக்குப் போய்விடும். ஆனால் 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு 325 தான். கார்பன் கட்டை அந்த அளவில் விழித்துக்கொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது. மின்னலுக்கு எழுந்து நிற்பவன் வீட்டு மின்சாரத்தைத் தலைக்குமேல் போகவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். (வர்க்க சராசரி மூலத்துக்கும் உச்ச மதிப்புக்கும் உள்ள வேறுபாடு எதற்கு என்று மேல்நிலை வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.) பின்னர் வந்த வாயுக்குழாய்கள் 230 வோல்ட் நேர்மின்னழுத்தத்துக்கே எரிய ஆரம்பிக்கும்படி செய்யப்பட்டவை, ஆகவே 325-ஐக் கண்டதும் விழித்துவிடும். ஆனால் அங்கே வேறு தொல்லை. மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுகிறது. குழாய் நூறு முறை அணைந்து நூறு முறை பற்றுகிறது. நிமிடக்கணக்கில் அப்படி நடந்தால் குழாயே கொள்ளிக்கட்டை ஆகிவிடும். எனவே அதன்மேல் ஒரு ஸ்பிரிங் கிளிப்பை, எளிதில் உருகும் பற்றை நடுவில் வைத்துப் பொருத்துவார்கள். சூடு ஏறினால் பற்று உருகி, கிளிப் இரு முனைகளையும் நேரடியாகப் பூமியோடு சேர்த்துவிடும். பற்று உருகுவது, ஸ்பிரிங் தள்ளுவது: ஹீட் காயிலின் அதே தத்துவம், நூறாண்டுக்குப் பிறகு வேறு சட்டையில்.

எண்பதுகளில் மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் வரத் தொடங்கின. 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் 128 போர்ட் கிராமப்புற எக்ஸ்சேஞ்சைச் சிலர் பார்த்திருப்பீர்கள். குளிரூட்டும் வசதிகூட இல்லாத சிறு அறைகளில் ஓடும். ரிலே சூடாகிக் கெடச் சில நிமிடம் ஆகும். சிலிக்கான் சில்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே ஹீட் காயில் இருந்த இடத்தில் பி.டி.சி. தெர்மிஸ்டர் வந்தது.

இது அழகான பொருள். பேரியம் டைட்டனேட் பீங்கான். அறை வெப்பநிலையில் சில பத்து ஓம் மட்டும் காட்டி, இருக்கிறதே தெரியாமல் லைனில் உட்கார்ந்திருக்கும். மின்னோட்டம் கூடிச் சூடேறி, சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் மின்தடை சட்டென்று ஆயிரம் மடங்கு போல எகிறிவிடும். உலோகக் கம்பியின் மின்தடையும் சூட்டில் கூடும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அது மெல்ல ஏறும் மாடிப்படி, இது செங்குத்துச் சுவர். மின்தடை கூடியதும் மின்னோட்டம் குறைந்துவிடும். தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் உள்ளே விடும். அது 2 வாட் என்று வைத்தால், 230-ன் வர்க்கத்தை 2-ஆல் வகுக்க 26,450 ஓம். பாயும் மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. தொடுகை நீங்கினால் ஆறி, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஃபியூஸ் ஒரு முறை உயிரைக் கொடுக்கும் வீரன் என்றால், இது கதவைச் சாத்தித் திறக்கும் வாயிற்காப்போன்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் கருவியைக் காப்பது பற்றி. மனிதரைப் பற்றி ஒரு வார்த்தையும் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மூன்று கிலோமீட்டர் கணக்குக்குத் திரும்புங்கள். ஹீட் காயில் வேலை செய்து லைனைப் பூமியோடு சேர்த்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் பிழைத்தது. இப்போது கம்பியில் பாய்வது 230 வகுத்தல் 264, ஏறத்தாழ 0.87 ஆம்பியர். நம் ஒன்றரை ஆம்பியர் ஃபியூஸ் போகாது. தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ஃபியூஸுக்கு இது இரண்டு டியூப்லைட் கூடுதலாக எரிவதைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. அது ஏன் போகப்போகிறது? ஆக, யாருக்கும் தெரியாமல் மணிக்கணக்கில் இது நீடிக்கலாம். கம்பி தொட்ட இடத்தில் 230 வோல்ட். எக்ஸ்சேஞ்சில் சுழி. நடுவில் சீராக இறங்கிக்கொண்டே வரும். ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறிக் கை வைத்தால் அவர் தொடுவது எத்தனை வோல்ட்? உங்கள் மாணவர் பதில் சொல்வார்: 115. சரி. தொட்ட இடத்துக்கு அந்தப் பக்கம், சந்தாதாரர் வீட்டில் எத்தனை? அங்கே மின்னோட்டமே பாயவில்லை. எனவே இறக்கமும் இல்லை. முழு 230. இந்த இரண்டாவது கேள்வியில்தான் கெட்டிக்காரப் பிள்ளையும் தடுமாறும். நூறு முறை ஓம் விதி எழுதினாலும், மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்தம் இருக்கும் என்பது மனத்தில் ஏறுவது கடினம்.

ஹீட் காயிலுக்குப் பதில் பி.டி.சி. இருந்தால்? அது கதவைச் சாத்திவிட்டது. மின்னோட்டம் பெரிதாக இல்லை. ஆகவே லைன் முழுவதும், எக்ஸ்சேஞ்ச் வாசல் வரை, ஏறத்தாழ 230 வோல்ட் நிற்கும். கருவிக்கு எவ்வளவு நல்ல காப்போ, கம்பத்தில் இருப்பவருக்கு அவ்வளவு மோசம். வாயிற்காப்போன் வீட்டுக்காரரைக் காத்தான். திண்ணையில் இருப்பவரைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

மனித உடலின் மின்தடை ஓராயிரம் முதல் இரண்டாயிரம் ஓம் வரை என்பது தோராயமான மதிப்பு. ஈரத்தில் இன்னும் குறையும். வீடுகளில் உயிர்காப்புக்கென்று வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஃபியூஸோ 1500 மில்லி ஆம்பியர். ஐம்பது மடங்கு. ஒருவர் உயிர் போவதற்கு வேண்டிய மின்னோட்டம் ஃபியூஸுக்குத் தூசு. “மின் உருகியின் பயன் யாது?” என்ற கேள்விக்கு அடுத்து, “அது யாரைக் காக்காது?” என்று ஒரு கேள்வியையும் வைக்கலாமா என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன்.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில், கடலோர ஊர் ஒன்றில், புயலுக்கு மறுநாள் காலை எம்.டி.எஃப். அறைக்குள் போனேன். ஒரே பிளாக்கில், பக்கம் பக்கமாக ஆறு ஹீட் காயில் விழுந்திருந்தன. புதிய காயில்கள் பெட்டியில் தயாராக இருந்தன. சந்தாதாரர்கள் வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியை நான் எடுத்தபோது, அங்கே இருபது வருடம் வேலை பார்த்திருந்த மெக்கானிக் என் கையைப் பிடித்தார். “காயிலை மாத்தாதீங்க சார். முதல்ல கரண்ட் ஆபீசுக்குப் போன் போடுங்க. லைனுக்குப் போனவங்களக் கீழ இறங்கச் சொல்லுங்க.” ஒரு காயில் விழுந்தால் ஏதோ ஒரு வீட்டுக் கோளாறாக இருக்கலாம், பக்கத்தில் பக்கத்தில் ஆறு விழுந்தால், அந்த ஆறும் சேர்ந்து போகும் கம்பத்தில் எங்கோ மின்கம்பி படுத்திருக்கிறது. அதை அவர் ஒரு பார்வையில் படித்துவிட்டார். மின்சாரத்தை நிறுத்திய பிறகே எங்கள் ஆட்கள் மறுபடியும் கம்பம் ஏறினார்கள். மின்கம்பி படுத்திருந்த இடம் பிற்பகலில் கிடைத்தது. ஒரு வாழைத்தோப்பின் ஓரம். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அறுந்துபோன காப்புக் கருவி என்பது மாற்ற வேண்டிய உதிரி பாகம் மட்டுமல்ல, அது ஒரு செய்தி என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். ஃபியூஸ் போனால் கூடுதல் தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டு விளக்கைப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! செய்தி கொண்டுவந்தவனின் வாயைப் பொத்துவது அது.

இப்போது தாமிரக் கம்பி குறைந்துவிட்டது, கண்ணாடி இழை வந்துவிட்டது, இதெல்லாம் பழங்கதைதானே என்று நினைக்கலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் சில இழைக் கேபிள்களில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி கூடவே ஓடும், அது கடத்தும். கேபிள் டிவியின் கம்பி தாமிரமும் அலுமினியமும்தான். எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பாருங்கள், மின்கம்பத்தில்தான். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்குத் தாவும் இணையக் கம்பிகள், பள்ளியில் கேமராவுக்குப் போகும் கம்பி, காலை வணக்கக் கூட்டத்து ஒலிபெருக்கிக்கு மைதானத்தைக் கடந்து போகும் கம்பி எல்லாம் அதே வகை. எக்ஸ்சேஞ்சிலாவது எம்.டி.எஃப். என்று ஒரு காவல் இருந்தது. இவற்றுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

ஆகவே இரண்டு வேலை சொல்கிறேன். முதலாவது, பள்ளி திறக்கும் முன்பும் பருவமழைக்கு முன்பும் தலைமையாசிரியரோடு வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மின்வாரிய இணைப்புக் கம்பியைத் தொட்டோ உரசியோ வேறு எந்தக் கம்பியாவது போகிறதா என்று தரையிலிருந்தபடியே பாருங்கள். போனால் நீங்களோ காவலாளியோ குச்சியால் ஒதுக்க வேண்டாம். எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டாவது, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது. மழை நாளில் தெருவில் கிடக்கும் கம்பி எதுவானாலும் மின்கம்பி என்றே கொள்ள வேண்டும். “அது கேபிள் டிவி கம்பி சார்” என்று பையன் சொல்வான். அது எந்தக் கம்பி என்பது கேள்வியல்ல. இருநூறு அடி தள்ளி அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி, அது அவன் கண்ணுக்குத் தெரியாது. விலகி நிற்க வேண்டும், மற்றவர்களை நெருங்கவிடக் கூடாது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், 1912-க்கு அழைக்க வேண்டும். ஒருவர் பிடிபட்டுக் கிடந்தால் மின்சாரம் நிற்கும் வரை அவரை வெறுங்கையால் தொடக் கூடாது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஓம் விதி தேவையில்லை. இந்த ஒரு பத்தி போதும்.

உயர்நிலை வகுப்புக்கு ஒரு சிறு செயல்பாடு. பழைய மாதிரி 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, 9 வோல்ட் மின்கலம் ஒன்று. சாதாரண வயரின் உறையைச் சீவி, உள்ளே இருக்கும் இழைகளில் ஒன்றை மட்டும் எடுத்து “ஃபியூஸ்” என்று தொடரில் வையுங்கள். முதலில் 3 வோல்ட்டில் பல்பு எரியட்டும். இது தொலைபேசி. பிறகு மின்கலங்களை எடுத்துவிட்டு 9 வோல்ட்டைக் கொடுங்கள். இது வழிதவறி வந்த மின்சாரம். பல்பு பளிச்சென்று எரிந்து இறந்துவிடும்; இழை அப்படியே இருக்கும். ஃபியூஸைப் பல்பு காப்பாற்றிவிட்டது! பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், பல்புக்கு முன்னால் உருகும்படியான பொருள் எது, எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று அவர்களையே தேடவிடுங்கள். மின்கலத்தோடு மட்டும்; சுவரிலுள்ள பிளக்கின் பக்கமே போகக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக் கூடத்தின் பின் மேசையில் ஆறு குழுக்களுக்கான பொருள்கள் இருக்கின்றன. கழற்றிப் பார்ப்பதற்காக ஒரு பழைய ஹீட் காயிலும், கிளிப்போடு ஒரு வாயுக்குழாயும், இரண்டு தெர்மிஸ்டர்களும் கொண்டுவந்திருக்கிறேன். பல்புகள் நிறைய இருக்கின்றன, தயங்காமல் எரித்துவிடுங்கள்.